ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஆஸ்பத்திரியையும் போலீஸ் ஸ்டேஷனையும் பற்றி எப்படிக் கேட்பது?

தேர்தல் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் தெருத்தெருவாக வேட்பாளர்கள் வருவார்கள். நாம் ரோடு சரியில்லை, தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லுவோம், அவர்களும் பண்ணிவிடலாம் என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது, வீட்டுப் பையனை விசாரணை என்று கூட்டிக்கொண்டு போனால் யாரிடம் போய் நிற்பது, இந்த இரண்டைப் பற்றியும் வேட்பாளர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும். எப்படிக் கேட்டால் நழுவ முடியாது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பவர் எந்தச் சபைக்கு நிற்கிறார் என்று பாருங்கள். பொது சுகாதாரம், போலீஸ், சிறை மூன்றும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. குற்றவியல் சட்டமும் அதன் நடைமுறையும் பொதுப் பட்டியல். அதனால் ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, ஜி.எச்.சில் டாக்டர் இல்லை என்பதெல்லாம் எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் கேட்க வேண்டியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்களில் என்ன திருத்தம் கேட்பீர்கள் என்பது எம்.பி. வேட்பாளருக்கான கேள்வி. சாக்கடை, கொசு, குப்பை உள்ளாட்சிக்குப் போகும். ஆள் மாற்றிக் கேட்டால் "அது என் கையில இல்லைங்க" என்று சொல்லித் தப்பித்துவிடுவார், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

நம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. செட்டிநாடு என்று நாம் சொல்லும் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் கிடக்கின்றன. திருமயம் சட்டமன்றத் தொகுதி புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் எம்.பி. தொகுதி சிவகங்கை. ஆக உங்கள் ஊருக்கு எந்தக் கலெக்டர், எந்த எஸ்.பி., எந்த மருத்துவக் கல்லூரி என்று தெரிந்துகொண்டு பேச ஆரம்பியுங்கள்.

அப்புறம் வேட்பு மனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம். படிவம் 26 என்பார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாருடையதையும் இறக்கிப் படிக்கலாம். அவர் மேல் நிலுவையில் உள்ள வழக்குகள், தண்டனை பெற்றிருந்தால் அது, சொத்து, கடன் எல்லாம் அதில் இருக்கும். வழக்கு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மறியல் செய்ததற்குப் போட்ட வழக்கும் அங்கே இருக்கும், ஆளை அடித்ததற்குப் போட்டதும் இருக்கும். பிரிவு என்ன, கோர்ட்டில் குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா, எந்த ஆண்டு என்று பாருங்கள். குற்ற வழக்கு உள்ளவரை நிறுத்தினால் ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியே காரணம் வெளியிட வேண்டும், ஜெயிக்கக்கூடியவர் என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டியே கேள்வியை ஆரம்பிக்கலாம்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

"புதுக் கட்டடம் வருமா அண்ணே?" என்று கேட்காதீர்கள். வரும் என்றுதான் சொல்லுவார், பெரும்பாலும் வந்தும்விடும். கட்டடம் திறந்தால் கல்வெட்டில் பெயர் இருக்கும், ராத்திரி டூட்டிக்கு ஒரு மயக்க மருந்து டாக்டரைக் கொண்டுவந்தால் பெயர் எங்கேயும் வராது. ஆளை நியமிப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் அரசாங்கமும். தொகுதி மேம்பாட்டு நிதியில் சம்பளம் கொடுக்க முடியாது. அதனால் இப்படிக் கேளுங்கள்: "நம்ம ஜி.எச்.சுல அனுமதிச்ச பணியிடம் எத்தனை, காலி எத்தனை, அதுக்குச் சட்டசபையில எந்த மானியக் கோரிக்கையில பேசுவீங்க?" மானியக் கோரிக்கை என்பது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டசபையில் பணம் கேட்டு வைப்பது. எண்ணிக்கை அவருக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் முன்கூட்டியே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனுப் போட்டு வாங்கி வைத்திருங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம், ஆகவே தேர்தல் தேதி வரும் வரை காத்திருக்காமல் இப்போதே போடுங்கள்.

எந்த எமர்ஜென்சி என்றாலும் "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்று எழுதிக் கொடுப்பதைக் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி வழியாக ராமநாதபுரம் போகும் ரோட்டில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டம் நல்ல திட்டம். ஆனால் ராத்திரியில் எலும்பு டாக்டரும், ரத்தமும், சி.டி. ஸ்கேன் எடுக்க ஆளும் நம் பக்கத்திலேயே இருந்தால்தான் அது நமக்குப் பயன்படும். இந்த ரோட்டில் எந்தெந்த ஆஸ்பத்திரியில் இந்த மூன்றும் ராத்திரியில் இருக்கின்றன என்று ஊர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

டெங்கு பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் போனால் தெரியும், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீடுகள், நடுவில் திறந்த முற்றம், ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ, சாவி யாரிடம் என்று பக்கத்து வீட்டு ஆச்சிக்கே தெரியாது. மழை பெய்தால் முற்றத்திலும் பழைய அண்டாவிலும் தண்ணீர் நிற்கும், கொசு ஒழிப்புப் பணியாளர் பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் தேங்கினால் போதும். பூட்டிய வீட்டுக்குள் போய்ப் பார்க்க உரிமையாளரிடம் சாவி ஏற்பாடு செய்வதா, நோட்டீஸ் கொடுத்துத் திறப்பதா? 1939-ம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம் நம் மாநிலத்தில் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ஊரைப் பற்றி யோசித்திருக்கிறாரா என்பது ஒரே பதிலில் தெரிந்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் ஊர்கள் இவை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறதா, இடையில் நின்றதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

இனி ஸ்டேஷன். இந்த இடத்தில் நிறையப் பேர் தயங்குவார்கள். "நமக்கெதுக்கு அந்த வம்பு, நாம தப்பு செஞ்சாத்தானே போலீஸ் வரும்" என்பார்கள். 2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் கோயிலில் வேலை பார்த்த காவலாளி, நகை காணோம் என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டு போகப்பட்டு இறந்தார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்பு சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் அதேபோல இறந்தார்கள். இந்த இரண்டுக்கும் பிறகும் ஒரு வேட்பாளர் நம் தெருவில் நின்று காவல் நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போக முடிகிறது என்றால், நாம் கேட்காமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

ஆஸ்பத்திரியும் ஸ்டேஷனும் தனித்தனி விஷயம் என்று நினைக்காதீர்கள். கைதான ஒருவரை உடனே அரசு மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று, அந்த மூன்று புதிய சட்டங்களில் குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவு சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். நடுவில் அந்த மனிதனின் உடம்பைப் பார்த்து, காயம் இருக்கிறது என்று எழுதக்கூடிய ஒரே வெளி ஆள் ஜி.எச். டூட்டி டாக்டர்தான். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவராகப் பார்த்துக்கொண்டு, வாசலில் நூறு பேர் நிற்கும்போது, பக்கத்தில் போலீஸ்காரர் நின்றுகொண்டு "சீக்கிரம் போடுங்க சார்" என்றால் அவர் எப்படிப் பார்ப்பார்? சாத்தான்குளத்தில் மருத்துவச் சான்றிதழ் கொடுத்த விதம் பற்றியும் பெரிய கேள்வி எழுந்தது. ஆக டாக்டர் காலியிடம் என்பது காவல் மரணத்தோடும் தொடர்புள்ள விஷயம். வேட்பாளரிடம் இதை ஒரே கேள்வியாகக் கேளுங்கள்: கைதானவரைப் பரிசோதிக்கும்போது போலீஸ் வெளியே நிற்க வேண்டும் என்பதற்கு நீங்கள் ஆதரவா, அதற்கு ஜி.எச்.சில் தனி அறையும் டாக்டரும் கேட்டு வாங்குவீர்களா? பாதிக்கப்பட்ட பெண்ணோ குழந்தையோ வந்தால் ராத்திரியில் பெண் டாக்டர் இருப்பாரா என்பதும் இதே கேள்வியின் இன்னொரு பாதி.

கேமரா பற்றிக் கேட்டால் "எல்லா ஸ்டேஷன்லயும் இருக்கே" என்பார். லாக்கப், வராண்டா, வாசல், பின்பக்கம் எல்லா இடத்திலும் வைத்து, பதிவை 18 மாதம் வரை சேமிக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஸ்டேஷனில் எத்தனை நாள் பதிவு நிற்கிறது, யார் போய்ப் பார்க்கலாம் என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் புகார் ஆணையம். போலீஸ் மீது வரும் புகாரை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. தமிழ்நாடு 2013-ல் போட்ட சட்டத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலாளர், மாவட்டத்தில் கலெக்டர் என்று அதிகாரிகளையே தலைவராக வைத்தார்கள், எஸ்.பி.யும் உறுப்பினர். இதை மாற்றக் குரல் கொடுப்பீர்களா? ஆமாம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில்.

"ரவுடி எல்லாரையும் குண்டாஸ்ல போடுவோம்" என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். குண்டர் சட்டத்தில் விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். தனியாக இருக்கும் ஆச்சி வீட்டில் நகையைப் பறித்தவனுக்குத் தண்டனை வேண்டும் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் அது வழக்கு நடத்தி வாங்கும் தண்டனையாக இருக்க வேண்டும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். முதல் முறை சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்று அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு சொல்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு அது பொருந்தாது, வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. இதில் யாரும் விட்டுப்போகாமல் பார்க்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசுபவர் என்றால், நம் மாவட்டத்திலேயே புரசடை உடைப்பில் இருக்கும் திறந்தவெளிச் சிறை பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்கும் விதம் பற்றிக் கொஞ்சம். கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு மறிக்காதீர்கள், பிரச்சாரத்துக்கு இடைஞ்சல் என்று புகார் ஆகிவிடும். தெருவில் நாலைந்து பேர் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரே கேள்வி எடுங்கள், பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். மரியாதையாகவே கேளுங்கள்: "ஐயா, உங்களுக்கு நேரமில்லைன்னு தெரியும், ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க." எல்லா வேட்பாளரிடமும் அதே கேள்வி, அதே வார்த்தை. உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரரிடம் மென்மையாகவும் மற்றவரிடம் காட்டமாகவும் கேட்டால் பதில்களை ஒப்பிடவே முடியாது. அனுமதி சொல்லிவிட்டு போனில் பதிவு செய்யுங்கள், வெட்டி ஒட்டாமல் முழுசாக வைத்திருங்கள். "பரிசீலிப்போம்", "ஆவன செய்வோம்" என்று வந்தால் இன்னும் ஒரே ஒரு தரம், "யார்கிட்ட, எப்போ?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தக் கேள்விக்கு எதிரே 'நிலைப்பாடு இல்லை' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெயித்தவருடைய பதிவை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் மருத்துவம், காவல் இரண்டுக்கும் சட்டசபையில் மானியக் கோரிக்கை வரும், அதற்குக் கொள்கை விளக்கக் குறிப்பும் தமிழிலேயே வெளியாகும். அந்த வாரத்தில் அவர் அலுவலகத்துக்குப் போய், தெருவில் நின்று சொன்ன பதிலைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.