பழைய பிரேம் ஒண்டில இருந்து உங்களுக்கெண்டு ஒரு சைக்கிள்: திருகோணமலையில நாங்க செய்யிற விதம்

2022ல பெற்றோல் இல்லாமப் போன நேரம் ஊரில எல்லாரும் கோடிக்குள்ள கிடந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தவை தானே, நானும் அப்பப்பாட ரலேயை அப்பதான் கிணத்தடிக்குப் பின்னால இருந்து இழுத்து எடுத்தன். அவர் டொக்யார்ட்டில வேலை செய்தவர், வெள்ளைக்காரன் 1957ல கடற்படைத் தளத்தை விட்டுட்டுப் போறதுக்கு முந்தியே வாங்கின சைக்கிள். அதைக் கழட்டித் திருப்பிப் பூட்ட எனக்கு எட்டு மாசம் பிடிச்சுது. அந்த எட்டு மாசத்தில கிடைச்ச சினேகிதக்காரர் தான் இப்பவும் எனக்கு ஆக நெருக்கமான ஆக்கள், அதால சாமான் எங்க பூட்டுறது எண்டதோட ஆரிட்டப் போய்க் கேக்கிறது எண்டதையும் சேர்த்தே எழுதுறன்.

முதல் பிரேம். பழைய இரும்புக் கடையில கிடைக்கும், தெரிஞ்ச வீடுகளில கேட்டாலும் கிடைக்கும். பெயின்ற் போனது பிரச்சினையே இல்லை, பெடல் அச்சுப் பூட்டுற இடத்துக்கு அடிப்பக்கம் தான் பாக்கவேணும், மழைத்தண்ணி இறங்கி நிக்கிறது அங்க தான், ஸ்குரூ டிரைவரால குத்தினா உள்ள போகுதெண்டா அந்தப் பிரேமை விட்டுடுங்கோ. அடுத்தது நூல் பாக்கிறது. பின் சில்லு பூட்டுற வலப்பக்கக் காதில ஒரு நூலைக் கட்டி ஹாண்டில் கழுத்தைச் சுத்திக் கொண்டுவந்து இடப்பக்கக் காதில இழுத்துக் கட்டுங்கோ, சீற் பைப்புக்கும் நூலுக்கும் இடையில இருக்கிற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவு வரவேணும். 2 மில்லிமீற்றர் வித்தியாசம் எண்டா ஓடலாம், அதுக்கு மேல எண்டா நிமித்தவேணும். இதைக் காட்டித் தந்தது கிண்ணியாவில சைக்கிள் திருத்துற ஒரு நானா, நான் சும்மா விலை கேக்கப் போனனான், அவர் தேத்தண்ணி தந்து இருத்தி வைச்சு நூல் கட்டிக் காட்டினவர்.

பிரேம் வெடிச்சிருந்தா கண்ட இடத்தில ஆர்க் வெல்டிங் அடிக்கக் குடுக்காதேங்கோ. பைப் மெல்லிசு, ஓட்டை விழுந்திடும், விழாட்டியும் அந்த இடத்துக்குப் பக்கத்தால திரும்ப வெடிக்கும். பழைய பிரேம் எல்லாம் பித்தளை உருக்கி ஒட்டினது, அப்பிடியே ஒட்டத் தெரிஞ்ச பாஸ் ஒராளைத் தேடுங்கோ, ரவுணில இண்டைக்கும் இருக்கினம்.

இனிக் கழட்டுறது. கொட்டர் பின், அதாவது கிராங்கை (பெடல் பூட்டுற கையை) பெடல் அச்சோட இறுக்கிப் பிடிக்கிற ஆப்பு, அது தான் எல்லாரையும் அழ வைக்கிற சாமான். மூண்டு நாள் முதலே எண்ணெய் விட்டு ஊற விடுங்கோ, பிறகு நட்டைக் கடைசிப் புரி மட்டும் தளர்த்திப் பின்னிட தலைக்கு மட்டமா வைச்சுக்கொள்ளுங்கோ, இல்லாட்டி அடிக்கேக்க புரி சப்பிப்போகும், கிராங்குக்குக் கீழ ஒரு இரும்புப் பைப்பை நிலத்தில இருந்து முட்டுக் குடுத்து வைச்சு நேர ஒரே ஒரு நல்ல அடி. முட்டுக் குடுக்காமல் அடிச்சா அந்த அடி முழுக்க உள்ளுக்க இருக்கிற போல்ஸுக்கும் (சின்ன இரும்புக் குண்டுகள்) அதுகள் உருளுற கப்புக்கும் தான் போகும். ரெண்டு பேர் வேணும், ஒராள் பிடிக்க மற்றாள் அடிக்க. திரும்பப் பூட்டேக்க ரெண்டு பின்னும் ஒண்டுக்கொண்டு எதிர்ப்பக்கமாப் போகவேணும், ஒரே பக்கமாப் போட்டா பெடல் ரெண்டும் நேர்க்கோட்டில வராது.

வலப்பக்கக் கப்பும் இடப்பக்கப் பெடலும் இடதுபுரி, அதாவது மணிக்கூட்டுப் பக்கமாத் திருப்பினாத் தான் கழரும். இது தெரியாமல் பலத்தைப் போட்டுப் புரியைச் சாகடிச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன். பழைய ரலேயில கப்புப் புரி ஒரு அங்குலத்துக்கு 26, மற்றச் சைக்கிள் கனக்க 24, ஒண்டின்ர கப்பை மற்றதுக்குத் திணிக்காதேங்கோ. நல்லாக் கிடக்கிற பழைய கப்பைக் கழுவித் திரும்பப் போடுறது தான் சரி.

போல்ஸ் மட்டும் புதுசு போடுங்கோ, மலிவு தானே. பின் ஹப்புக்கு (சில்லின்ர நடு உருளை) கால் அங்குலப் போல்ஸ் பக்கத்துக்கு 9, பெடல் அச்சுக்கு அதே கால் அங்குலம் பக்கத்துக்கு 11, முன் ஹப்புக்கு 3/16 அங்குலத்தில பக்கத்துக்கு 10. கிறீசுக்கு நான் சொல்லுறது வள்ளக்காரர் எஞ்சினுக்குப் போடுற கிறீஸ், உப்புத் தண்ணிக்கெண்டே செய்தது, எங்கட கடற்காத்துக்கு அதை விட நல்லது இல்லை. உப்புவெளியில மீன்பிடிக்கிற தம்பி ஒராள் அரை ரின் கொண்டுவந்து தந்தவர், அதுக்குப் பதிலா அவற்ற மகளுக்கு நாங்க எல்லாருமாச் சேர்ந்து ஒரு சின்னச் சைக்கிள் செய்து குடுத்தனாங்கள். செயினுக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டாம், கொஞ்ச நாளில பசை மாதிரி ஒட்டி மணலை எல்லாம் பிடிச்சு வைச்சிருக்கும்.

ரயர் வாங்கேக்க தான் கனபேர் காசை விடுறது. "26" எண்டு கேட்டு வாங்காதேங்கோ, 26 எண்டு எழுதின ரயரில ஒண்டுக்கொண்டு பொருந்தாத அளவுகள் இருக்கு. மவுண்டன் சைக்கிளின்ர 26 உள் விட்டம் 559 மில்லிமீற்றர், ஜப்பானில இருந்து வாற பழைய சைக்கிளில இருக்கிற 26 × 1 3/8 எண்டது 590, எங்கட பெரிய சைக்கிள் 28 × 1 1/2 எண்டது 635. ரயர்ப் பக்கத்தில சின்ன எழுத்தில அந்த மூண்டிலக்க எண் இருக்கும், அதைப் பாத்து வாங்குங்கோ. எனக்கு ஒரு கடையில ரெண்டும் ஒண்டு தான் எண்டு சொல்லித் தந்து, வீட்டை வந்து மல்லுக்கட்டி ரிம்மையும் வளைச்சுப்போட்டன், சரியான கவலை அண்டைக்கு.

ரிம் மாத்திறதெண்டா சில்லுக்கம்பி ஓட்டையையும் எண்ணுங்கோ, பழைய பெரிய சைக்கிளில முன்னுக்கு 32, பின்னுக்கு 40. பிரேக்கையும் யோசிக்கவேணும், பழைய சைக்கிளில கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பியால இழுக்கிற கம்பிப் பிரேக் ரிம்மை உள்வளமா மேல இழுத்துப் பிடிக்கிறது, அந்த ரிம்முக்குப் பக்கம் தட்டை இல்லை, அதால கேபிள் பிரேக் போட்டா பிடிக்காது. கோட்டம் எடுக்கிறதுக்கு சைக்கிளைக் கவிட்டு வைச்சு போர்க்கில ஒரு ஈர்க்கைக் கட்டி ரிம்முக்குக் கிட்டவாப் பிடிக்க விடுங்கோ, ரிம் வலப்பக்கம் உரசினா அந்த இடத்தில இடப்பக்கக் கம்பியை இறுக்கி வலப்பக்கத்தைத் தளர்த்தவேணும், ஒருக்காலுக்குக் கால் சுத்துக்கு மேல வேண்டாம். அவசரப்பட்டா எட்டு வடிவமா வந்து நிக்கும். முதல் சில்லு எனக்கு ரெண்டு பின்னேரம் எடுத்தது, பக்கத்து வீட்டு மாமா கதிரையைப் போட்டுக் குந்திக்கொண்டு கதை சொல்லிக்கொண்டே இருந்தவர், அந்தக் கதைகளுக்காகவே இன்னொரு சில்லு கட்டினன்.

பழைய மூண்டு கியர் ஹப் கிடைச்சா விட்டுடாதேங்கோ. ஸ்டேர்மி ஆச்சர் ஏடபிள்யூ ஹப் 1936ல வந்தது, மேல எண் அடிச்சிருக்கும், 56 9 எண்டிருந்தா 1956 செப்டம்பரில செய்தது. கிறீஸ் போடக்கூடாது உள்ளுக்கு, மெல்லிசான எண்ணெய் தான், அதுக்கெண்டு நடுவில சின்ன மூடி இருக்கும். எங்கட ஹப்பிலயும் அந்த 56 9 நம்பரைப் பாத்த உடன அம்மா சொன்னா, அது அவ பிறக்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தி எண்டு.

ஒரே கியர் எண்டா முன்னுக்கு 46 பல், பின்னுக்கு 18 பல் எண்டு தான் பெரும்பாலும் வரும், சமதரைக்கு நல்லம், ஆனா உவர்மலை ஏறவும் கோணேசர் கோயில் ஏத்தத்துக்கும் கச்சான் காத்துக்கு முகம் குடுத்து ஓடவும் 20 பல் பிரீவீல் போட்டுப் பாருங்கோ, முழங்கால் நன்றி சொல்லும். சீற் உயரம்: குதிக்காலைப் பெடலில வைச்சு அது ஆகக் கீழ இருக்கேக்க கால் நேரா நிக்கவேணும், அவ்வளவு தான். முன்னுக்கு நல்ல லைற் ஒண்டு கட்டாயம், இரவில கோட்டைப் பக்கம் மான் றோட்டுக்குக் குறுக்கால நிக்கும்.

பெயின்ற் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, அது உங்கட விருப்பம்.

முதல் ஓட்டம் கன்னியா வெந்நீரூத்து மட்டும் போனாக் காணும், தனியப் போகாதேங்கோ, பின்னால வாற ஆளுக்குத் தான் உங்கட பின் சில்லு ஆடுறது தெரியும். அங்க நிப்பாட்டிக் கொட்டர் பின் நட்டைத் திரும்ப இறுக்குங்கோ, புதுப் பின் முதல் ஓட்டத்தில கட்டாயம் இளகும். நாங்க ஞாயிறு விடிய அஞ்சரைக்கு டச் பே கடற்கரையில நிப்பம், ஸ்பனரும் பம்மும் எங்களிட்ட இருக்கு, கழட்டின சாமானை ஒரு உரப்பையில போட்டுக்கொண்டு வாங்கோ.