வாயைக் கட்டுவதற்கு வயிற்றைக் காயப் போடாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் பெண்களுக்கான சிறிய உடற்பயிற்சி வகுப்பு ஒன்று நடத்துகிறேன். ஜனவரியில் ஒரு கூட்டம் சேரும், சித்திரை வருடப்பிறப்பு முடிய இன்னொரு கூட்டம். கலியாணத்துக்குச் சாரிச் சட்டை தைக்க அளவு கொடுத்துவிட்டு, அன்றைக்கே பயந்து ஓடிவருபவர்கள் தனி. முகங்கள்தான் மாறும். நிறை குறைக்கத் தொடங்கிய முதல் மாதத்தில் சாப்பாட்டு ஆசையோடு மல்லுக்கட்டி விடுகிற பிழைகள் மாறுவதே இல்லை. எல்லாம் ஒரு காலத்தில் நானும் விட்டவைதான்.

இரவில் சீஸ் கொத்து வேண்டாம், சோடாவைக் குறையுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது கொத்து ரொட்டி போடுகிறவருக்கே தெரியும்.

பகலெல்லாம் பட்டினி

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதைக் கண்டால்தான். காலையில் ஒரு பிளேன்டீ. மத்தியானம் "பசிக்கேல்லை அக்கா" என்று இன்னொரு பிளேன்டீ. ஒஃபிஸில் எல்லோரும் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது இவர் மட்டும் தண்ணீர்ப் போத்தலோடு உட்கார்ந்திருப்பார். சுற்றியிருப்பவர்களும் "என்ன கட்டுப்பாடு!" என்று மெச்சுவார்கள். அந்த மெச்சல்தான் ஆளைக் கெடுக்கிறது.

கொழும்புக் கோட்டையில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி வகுப்புக்கு வந்தாள். நல்ல கெட்டிக்காரி. பகல் முழுக்க ஒன்றும் தொடமாட்டாள். ஐந்து மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே வந்து காலி வீதியில் இறங்கினால், நேரெதிரே சைவக்கடை. "ஒரு தேத்தண்ணி மட்டும்" என்றுதான் உள்ளே போவாள். எங்கள் கடைகளில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே? கேட்காமலே ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். உழுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ், வாய்ப்பன், சூசியம் எல்லாம் அதில் இருக்கும். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. எழும்பும்போது தட்டில் குறைந்திருப்பதை எண்ணி பில் போடுவார்கள். பசித்து வந்தவளின் கை அந்தத் தட்டுக்கு எத்தனை தரம் போனது என்று அவளுக்கே தெரியாது, பில்லைப் பார்த்துத்தான் தெரியவரும். அப்புறம் அழுகை. "நாளைக்கு இன்னும் இறுக்கமாக இருக்கிறேன்" என்று ஒரு சபதம். நாளைக்கும் அதே கடை, அதே தட்டு.

"எனக்கு எண்ணெய்ப் பலகாரப் பைத்தியம் அக்கா, என்னை மாற்ற ஏலாது" என்றாள் ஒருநாள். "உனக்கு ஒரு பைத்தியமும் இல்லை பிள்ளை, உனக்குப் பசி" என்றேன். அதை அவள் நம்பவே சில கிழமை எடுத்தது.

வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்க, இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹோர்மோன் கூடுதலாகச் சுரந்து பசியைக் கிளப்பும், சாப்பிட்டதும் இறங்கும். கொழுப்புக் கலங்களிலிருந்து வரும் லெப்டின் "போதுமான சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். சாப்பாட்டை வெட்டி நிறை குறையத் தொடங்கியதும் அந்த லெப்டினும் குறைகிறது. அதாவது தொடக்கத்திலேயே உடம்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். அதற்கு மேல் பகல் முழுக்கப் பட்டினியையும் சேர்த்தால் மாலையில் எந்த மனஉறுதியும் நிற்காது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு பரிசோதனை தொடங்கினார். அதில் 24 கிழமை அவர்களுக்கு அரைப்பட்டினி. நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி, கிழமைக்கு 22 மைல் நடை. கொஞ்ச நாளில் அவர்களுடைய பேச்சு, கனவு எல்லாமே சாப்பாடாகிப் போனது. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைத் தேடி வாசித்தார்கள், சேர்த்து வைத்தார்கள். பட்டினிக் காலம் முடிந்து வேண்டியமட்டும் கொடுத்தபோதும் பலருக்குச் சாப்பிட்டு அடங்கவில்லை. அவர்கள் யாரும் வாய் கட்டத் தெரியாதவர்கள் இல்லை, தாங்களாகவே முன்வந்து சேர்ந்தவர்கள். இங்கே கைக்குக் கை மாறும் டயட் தாள்களில் 1,200 கலோரி என்று போட்டிருக்கும். அதிலும் காலைச் சாப்பாட்டை வெட்டிவிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு போனில் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை என்ன சொல்வது?

சரி, என்ன செய்யலாம்? காலையில் ஆறு இடியப்பம் சாப்பிடுகிறவர் மூன்றாக்கிப் பருப்பையும் முட்டையையும் கூட்டலாம். அவித்த பயறோ கடலையோ ஒரு கோப்பை இன்னும் நல்லது. புரதமும் நாரும் இருந்தால் பசி தாமதமாகத்தான் எடுக்கும். மத்தியானம் சோறு வேண்டும். அளவாக, இரண்டு மரக்கறி, ஒரு வறை, ஒரு துண்டு மீன். எல்லாவற்றிலும் முக்கியம் பின்னேரம் நாலு மணி. பஸ் ஏறுவதற்கு முன் ஒஃபிஸிலேயே ஒரு கொய்யாப்பழம், இல்லை ஒரு கைப்பிடி கச்சான். அதைச் சாப்பிட்டுவிட்டுச் சைவக்கடைக்குப் போங்கள், தட்டையும் வைக்கட்டும். ஒரு வடையோடு எழும்பி வரலாம். அந்தப் பிள்ளை இப்போது அப்படித்தான் வருகிறாள்.

நேரம் குறித்துச் சாப்பிடுகிறவர்கள், நோன்பு பிடிக்கிறவர்கள் கதை வேறு. எப்போது, எதைக் கொண்டு முடிப்பது என்று அவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருப்பார்கள். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூடத் தவிர்க்கக் கூடாது. சீனி சட்டென்று இறங்கி மயங்கி விழுந்தால் ஆபத்து.

பசியோடு சுப்பர்மார்க்கெட் போவது

போகாதீர்கள்.

சோற்றை விட்டு கிரீம் கிறாக்கரில் வாழ்வது

"சோற்றை நிறுத்திவிட்டேன்" என்பவரிடம் "அப்ப என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டர் பூசின கிரீம் கிறாக்கர் என்பார், அதுவும் பெருமையாக. அது வெள்ளை மாவும் கொழுப்பும்தான். ஈரமில்லாத சாமான் என்பதால் 100 கிராமுக்கு அவித்த சோற்றைப் போல மூன்று மடங்கு கலோரி, பட்டரைச் சேர்க்காமலே. வயிறும் நிறையாது. பாதிப் பக்கெட் முடிந்த பிறகும் "ஒன்றுமே சாப்பிடவில்லை" என்ற எண்ணம்தான் இருக்கும். ஒன்றரை அகப்பை சிவப்பரிசிச் சோற்றைக் கறியோடு இருந்து சாப்பிட்டவர் அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருப்பார்.

தேத்தண்ணியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

இனிப்பு ஆசை போகவில்லை என்று முறையிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்றுதான். ஐந்து என்றால், இரண்டு கரண்டி வீதம் பத்துக் கரண்டி சீனி. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று குறைத்தே போட்டாலும் 40 கிராம். பால்மா தனி. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் நிற்பதே நல்லது என்கிறது. நாக்கை நாள் முழுக்க இனிப்பில் ஊறவைத்துவிட்டு வட்டிலப்பத்தைக் கண்டு மனம் அலைகிறது என்றால் அலையத்தான் செய்யும். அரைக்கரண்டி அரைக்கரண்டியாகக் குறையுங்கள், சில கிழமையில் பழைய தேத்தண்ணி திகட்டும்.

இலங்கையில் போத்தலில் வரும் பானங்களுக்கு 2016இலிருந்து நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. அதற்குக் கீழே 2 கிராம் வரை செம்மஞ்சள். செம்மஞ்சளைப் பார்த்து "பரவாயில்லை" என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். 100க்கு 10 கிராம் உள்ளதும் செம்மஞ்சள்தான். 400 மில்லிப் போத்தலில் அது 40 கிராம்.

சூன் பாண் சத்தத்தோடு சண்டை பிடிப்பது

பின்னேரம் பாண், பணிஸ் விற்கும் அந்த ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் வாயூறுவது பழக்கம், பசி இல்லை. கதிரையில் இருந்துகொண்டு "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லச் சொல்ல மாலுபாண் என்கிற மீன் பணிஸ்தான் கண்ணுக்குள் நிற்கும். அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்காதீர்கள், கடற்கரையோரம் மரைன் டிரைவில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். பொதுவாகப் பத்து, இருபது நிமிடத்தில் ஆசை தணிந்துவிடும், ஓட்டோவும் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.

நித்திரை முழிப்பது

ஐந்து மணித்தியாலம் படுத்து எழும்புகிறவருக்கு அடுத்த நாள் பசி கூடும். அதற்கு டயட்டில் மருந்தில்லை.

அரிசி மெல்லும் ஆசையை அடக்கப் பார்ப்பது

இதைப் பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். உலையில் போடக் களைந்த அரிசியை அள்ளி மெல்வது, பிரிட்ஜில் இருக்கும் ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டே இருப்பது. டயட் தொடங்கியதால் வந்த ஆசை என்று நினைத்து மறைக்கிறார்கள். இது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிறவர்களுக்கு இன்னும் சாத்தியம் அதிகம். மனதைத் திட்டாமல் வைத்தியரிடம் சொல்லி ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், தேயிலை இரும்பு உடம்பில் சேருவதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விடுங்கள்.