பாஷ் ஸ்கிரிப்டில் மீதி காண்பது: 08 வந்தால் ஏன் பிழை?

ஐந்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் ஒரு வேலை நடக்க வேண்டுமா? மீதியைப் பார்த்தால் போதும். கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷில் (bash) அதற்குச் சதவீதக் குறி:

$((17 % 5))

திரையில் காட்டும் எக்கோ (echo) கட்டளைக்குப் பின் இதை எழுதி ஓட்டினால் 2 வரும். ஸ்கிரிப்டுக்குத் தரும் முதல் மதிப்பைச் சோதிக்க, 17 இருக்கும் இடத்தில் $1 என்று போடுங்கள். மீதி 0 என்றால் எண் மிச்சமின்றி வகுபடுகிறது.

இனிதான் வில்லங்கம். தேதிக் (date) கட்டளையிலிருந்து நிமிடத்தை எடுத்து வகுத்த என் ஸ்கிரிப்ட், மணிக்கு இரண்டு முறை மட்டும் பிழை காட்டியது: 08, 09. முன்னால் பூஜ்யம் இருந்தால் பாஷ் அதை எட்டடிமான (எட்டை அடியாகக் கொண்ட, octal) எண்ணாகவே படிக்கும். அந்த முறையில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. 07 வரை இரு முறையிலும் மதிப்பு ஒன்றுதான். 10 முதல் முன்பூஜ்யம் இல்லை. அதனால்தான் நடுவில் அந்த இரண்டு மட்டும் மாட்டிக்கொள்கின்றன.

பிழை காட்டினாலாவது தெரிந்துவிடும். ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை மூன்று இலக்கத்தில் எடுத்தால் பத்தாம் நாள் 010 என்று வரும். பாஷ் அதை 8 என்று எடுத்துக்கொள்ளும். நான்கால் வகுத்தால் 2 மிஞ்ச வேண்டிய இடத்தில், சத்தமே இல்லாமல் 0 வந்து நிற்கும்.

தீர்வு, பத்தடிமானம் என்று வெளிப்படையாகச் சொல்வது:

$((10#$1 % 5))

டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். 10# முன்னொட்டுக்குப் பின் அது கட்டாயம்.

பழைய ஸ்கிரிப்டுகளில் இதே வேலைக்கு எக்ஸ்பிஆர் (expr) கட்டளை இருக்கும். விடை 0 ஆனால் அது தோல்விக் குறியீட்டோடு முடியும். பிழை வந்தால் நிற்கும்படி அமைத்த ஸ்கிரிப்ட் அங்கேயே படுத்துவிடும். புதிதாக எழுதுபவர்களுக்கு அது வேண்டாம்.

தசம எண்களுக்கு பாஷ் உதவாது. ஆக் (awk) என்ற கட்டளை போதும்: 7.5 % 2 என்றால் 1.5 தரும். பிசி (bc) என்ற கணக்கிடும் கட்டளையை எல் (-l) விருப்பத்தோடு ஓட்டி 7 % 3 கேட்டால் 1 வராது, .00000000000000000001 வரும். அது வகுத்தலை இருபது தசம இடம் வரை கொண்டுபோய் அதற்குப் பிறகு மிஞ்சுவதைச் சொல்கிறது. எனக்கு ஆக்தான் பிடிக்கும்.

பின்சேர்க்கை: எதிர்ம எண்ணைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். -7 % 3 க்கு பாஷ் -1 தரும், பைத்தான் 2 தரும். பாஷ் வகுபடும் எண்ணின் குறியைப் பின்பற்றுகிறது, பைத்தான் வகுக்கும் எண்ணின் குறியை. பாஷிலும் 2 வேண்டுமானால்:

$(((-7 % 3 + 3) % 3))