"விதி" என்று விடுமுன் பிரித்துப் பாருங்கள்

ஏற்காட்டுத் தோட்டத்தில் அரபிகா காபிச் செடியின் இலை மஞ்சளாகி, தண்டில் மோதிரம் போல மேடு தட்டியிருக்கிறது. உள்ளே வெள்ளைத் தண்டுத் துளைப்பான், அதாவது தண்டைக் குடைந்து தின்னும் ஒரு வண்டின் புழு. "அதோட விதி அவ்வளவுதான்" என்று ஒருவர் சொல்கிறார். அந்தப் பேச்சில் எது உண்மை, எது சோர்வு என்று பிரிக்கும் வழி இது.

முதலில் சொல்லைச் சரியாகப் பிடிக்க வேண்டும். "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்பது விதிவாதம் அல்ல. "நான் எதைச் செய்தாலும் முடிவு இதேதான்" என்பதே விதிவாதம். புத்தர் காலத்துத் துறவிகளான ஆசீவகர்களின் நியதிக் கொள்கை அப்படிப்பட்டது. உருட்டிவிட்ட நூலுருண்டை பிரிந்து தீருமட்டும் ஓடுவதுபோல உயிர்களும் ஓடித் தீரும் என்று அவர்களின் ஆசான் மற்கலி கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. திருக்குறளில் ஊழுக்கு 38ஆம் அதிகாரம் இருக்கிறது. ஊழையே புறங்காட்டச் செய்யும் முயற்சிக்கு 62ஆம் அதிகாரமும் இருக்கிறது. முன்னதை மட்டும் எடுத்துக் காட்டுவது வள்ளுவருக்குச் செய்யும் அநியாயம்.

இனி சோதனை. ஒரு தாளில் அந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள்: "நான் எது செய்திருந்தாலும் இந்தச் செடி போயிருக்கும்." இப்போது தேதி போடுங்கள். வண்டு பறப்பது ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும். பட்டை வெடிப்பில்தான் முட்டை வைக்கும். வெயில் படும் தண்டு அதற்குப் பிடிக்கும். அதற்கு முன்பே நிழல் மரம் வளர்த்திருக்கலாம். உதிரும் பட்டையை நார்க் கையுறையால் தேய்த்து எடுத்திருக்கலாம் (கத்தியால் சுரண்டினால் பச்சைத் திசு காயப்படும்). 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கலந்து தண்டில் அடித்திருக்கலாம். ஆக, அந்த வாக்கியம் பொய்.

புழு மரத்துக்குள் போன பிறகோ, சுண்ணாம்பு எத்தனை முறை அடித்தாலும் அதை எட்டாது. இந்தச் செடியைப் பொறுத்தவரை "இனி மாற்ற முடியாது" என்பது நிஜம். ஆனால் வண்டு வெளிவருமுன் பிடுங்கி எரித்தால் பக்கத்துச் செடிகள் பிழைக்கும். ஒரே தோட்டத்தில் முடிந்ததும் முடியாததும் ஒரு முழம் தள்ளித்தான் நிற்கின்றன. அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை முழுவதும்.

"பிழைப்பது விதியானால் வைத்தியர் எதற்கு?" என்று பழங்கிரேக்கத்திலும் கேட்டார்கள். சோம்பல் வாதம் என்று அதற்குப் பெயர். விதியை நம்பிய கிரேக்கத் தத்துவவாதி கிறிசிப்பஸே அதை மறுத்தார்: பிழைப்பது விதியென்றால், வைத்தியரை அழைப்பதும் அதோடு பின்னிய விதி. ஜாதகத்தில் நம்பிக்கை உள்ள வீட்டில் இந்தப் பதில் நன்றாக எடுபடும். நம்பிக்கையோடு சண்டை வேண்டாம், மருந்தைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

தனி ஆளால் ஆகாததையெல்லாம் விதிக் கணக்கில் எழுதுவதும் தப்பு. மரவள்ளியில் புது மாவுப்பூச்சி பரவியபோது ஒரு விவசாயி தனியாக மருந்தடித்து அதை ஒழிக்க முடியாது. அதன் எதிரியான சிறு குளவியைக் கொண்டுவந்து 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். "என்னால் முடியாது" என்று வந்தால் பக்கத்திலேயே "யாரால் முடியும்?" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடுமையானது. மழை பொய்த்தவனிடமும், புற்றுநோய் வந்தவளிடமும் "நீ கவனிச்சிருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள். தேதி போட்டுப் பார்த்தும் அவர்கள் கைக்கு எட்டிய இடம் ஒன்றுமே இல்லையென்றால், அதை வாய்விட்டு அவர்களிடம் சொல்லுங்கள்.

"என்ன செய்தும் பயனில்லை" என்ற எண்ணம் தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.