மறதி நோயும் இடுப்பு மூட்டு மாற்றும்: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வலிக்குதாம்மா?"

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் கேட்டார். "இல்லையே" என்று அம்மா சிரித்தார். கை மட்டும் போர்வை விளிம்பைக் கசக்கிக்கொண்டே இருந்தது. அன்று இரவு முழுக்கக் கத்தினார். மறதி முற்றிவிட்டது என்று நாங்கள் அழுதோம். வலி மருந்தை நேரம் வைத்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பாதி அடங்கியது.

டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவரின் "இல்லை"யை நம்பியதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. அவர்களின் வலியைக் கேட்டு மட்டும் அறிய முடியாது, பார்த்தும் அறிய வேண்டும். மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடம்பின் இறுக்கம், தொட்டுப் பேசினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் வைத்து 10-க்கு மதிப்பெண் போடும் 'பெய்னாட்' என்ற முறை இருக்கிறது. நர்ஸிடம் கேளுங்கள். "வலிச்சா சொல்லுங்க, மருந்து தர்றோம்" என்பது இவர்களுக்குச் சரிவராது.

அடுத்தது, திடீர்க் குழப்பத்தை மறதியின் கணக்கில் எழுதிவிடுவது. அந்தத் திடீர்க் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். மறதி நோய் மாதக்கணக்கில் கூடும். இது ஒரே நாளில் வந்து, மணிக்கு மணி மாறும். வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கிருமித்தொற்று, மருந்து என்று பின்னால் ஏதாவது காரணம் இருக்கும், தேட வேண்டும். கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பவரை "நல்லா தூங்குறாங்க" என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம்.

தூங்க வைக்க ஊசி போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள். லோராஸிபாம், டயஸிபாம் வகை மருந்துகள் குழப்பத்தைக் கூட்டக்கூடியவை. கையைக் கட்டிப்போடுவதும் மிரட்சியைத்தான் வளர்க்கும். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது கழற்றிய கண்ணாடி, காது மிஷின், பல்செட்டை வார்டுக்கு வந்ததும் மாட்டிவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று இரவிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

விழுந்து, இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்று நாள் கடத்தாதீர்கள். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப்புண், நிமோனியா, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். தேய்மானத்துக்காக முழங்கால் மாற்றுவது வேறு கதை. அதில் அவசரமே இல்லை. பிறகு வாரக்கணக்கில் மடக்கி நீட்டும் பயிற்சி செய்ய அவர் ஒத்துழைப்பாரா என்று முதலில் யோசியுங்கள்.

மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது சில மயக்க மருந்துகளின் வேலையை மாற்றும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, "குனியாதே, கால்மேல கால் போடாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சொன்னது நினைவில் நிற்காது. பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தாலே மூட்டு நழுவக்கூடும். ஆகவே வீட்டைத்தான் மாற்ற வேண்டும். அம்மா ஐம்பது வருஷமாக உட்கார்ந்து காய் நறுக்கிய மணைப்பலகையைத் தேடிச் சமையலறைக்கே போவார். அதை எடுத்து ஒளித்துவிட்டு, அதே ஜன்னலடியில் கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி போட்டோம். முன்னால் ஸ்டூலில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. மூன்றாம் நாள் அவராகவே வாக்கரைப் பிடித்து வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கீரை உருவினார்.