தளபதி பதில் அரசராகும் கதை: திருகோணமலைப் பின்னணியில் எழுதும் முறை

வாரிசு சிறுவனாக இருக்க, அவன் வளரும்வரை தளபதி அவன் பெயரில் பதில் அரசராக ஆளும் கதைக்கு முதலில் வயதுக் கணக்கைப் போடுங்கள். அரசர் இறக்கும்போது இளவரசனுக்கு 6 வயது, 16 இல் முடிசூட்டு என்றால், தளபதியின் கையில் 10 ஆண்டுகள். அவருக்கு 40 வயதாவது இருக்கவேண்டும். இளந்தாரி சொல்வதை மூத்த முதலிமார் கேட்கமாட்டார்கள். ஒரு தாளில் ஆண்டு, இருவரின் வயது, அவ்வாண்டு நடந்தது என்று நிரல் போட்டு நிரப்பிய பிறகே எழுதத் தொடங்குங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் மடியில் இருந்த பிள்ளை ஐந்தாம் அத்தியாயத்தில் வாள் சுழற்றும்.

அடுத்தது காலம். 1622 க்கு முன் என்றால் திருகோணமலைக் கடலோரத்துச் சுவாமி மலையில் பழைய கோணேசர் கோயில் நிற்கிறது. அந்த ஆண்டு போர்த்துக்கேயர் அதை இடித்து, பின்னர் அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639 இல் கோட்டை ஒல்லாந்தரிடம் போனது. பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் ஆங்கிலேயர் வைத்தது. பழைய மன்னர் அந்தப் பெயரைச் சொன்னால் திருகோணமலை வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

முன்மாதிரி தேடி வெகுதூரம் போகவேண்டாம். யாழ்ப்பாணத்தில் 1617 இல் எதிர்மன்னசிங்கம் இறந்தபோது வாரிசு சிறுவன். பொறுப்பேற்ற அரசகேசரியைக் கொன்று அரச உறவினனான சங்கிலி குமாரன் அந்த இடத்தைப் பிடித்தான். 1619 இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்டான். பதில் அரசருக்கு முதல் ஆபத்து அரண்மனை உறவுக்குள்ளிருந்தே வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கதையின் உயிர் பெயரில் இருக்கிறது. வேலை முழுக்கத் தளபதியுடையது; ஆட்சியாண்டு, காசு, முத்திரை, செப்பேடு எல்லாம் பிள்ளையின் பெயரில். தளபதியை அரியணையில் உட்காரவைத்தால் அந்த நாளே அவர் துரோகியாகிவிடுவார். ஒரு படி கீழே ஆசனம் போடுங்கள். கோயிலில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்ற ஒரு கேள்வி போதும், ஒரு முழு அத்தியாயம் எழுதலாம். அங்கே கோணேசர் கோயிலின் மரபுவழித் தொண்டர்களான தானத்தாரும் வரிப்பத்தாரும் பேசட்டும்; கோயில் உரிமைகள் அவர்களுடையவை. தளபதி படையை முழுதாகத் தன்னிடமே வைத்துக்கொண்டால் எல்லோரும் சந்தேகிப்பார்கள், முழுதாக விட்டுவிட்டால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். அரண்மனைக் காவலை இன்னொருவரிடம் கொடுத்து, களப்படையைத் தளபதியிடமே விடுவது நல்லது. அந்தக் காவல் தலைவனே பின்னர் உங்களுக்கு எதிர்ப்பாத்திரமாவான்.

படையை 50,000 என்று எழுதிவிடுவது சுலபம், அதற்குச் சோறு போடுவது கடினம். 400 வீரருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசி என்றால் 240 கிலோ. மாதம் 7,200 கிலோ. நெல்லாக ஏறத்தாழ 11,000 கிலோ வேண்டும். வண்டிக்கு 500 கிலோ ஏற்றினால் 22 மாட்டுவண்டிகள் தம்பலகாமத்திலிருந்து வரவேண்டும். அந்த வயல்களுக்கு நீர் தரும் கந்தளாய்க் குளம் வற்றிய ஆண்டில் இந்தக் கணக்கே கலகமாக வெடிக்கும்.

கடலையும் கவனியுங்கள். வாடைக்காலத்தில் வெளிக்கடல் கொந்தளிக்கும். உட்துறைமுகத்தில் கப்பல்கள் ஒதுங்கும். ஆகவே கடல்வழித் தாக்குதலை வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வையுங்கள். பிரெஞ்சுக்காரர் 1782 இல் இந்தத் துறையைப் பிடித்ததும் ஓகஸ்ட் மாதத்தில்தான்.

ஆட்சியைக் கையளிக்கும் நாளை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். முத்திரையும் திறைசேரித் திறப்பும் தட்டில் இருக்க, 10 ஆண்டுக் கணக்கும் சபையில் வாசிக்கப்படட்டும். எந்த ஆண்டு நெல் குறைந்தது, ஏன் என்று அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை கேட்கட்டும்.