பேஸ்பால் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

கிரிக்கெட் தெரிந்தவருக்கு பேஸ்பால் விதிகள் ஒரே ஆட்டத்தில் பிடிபட்டுவிடும். ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். ஆனால் உண்மையான ருசி, யார் எப்போது ஆடுவது என்று முடிவெடுக்கும் மேனேஜரோடு மனதுக்குள் சண்டை போடுவதில்தான் இருக்கிறது. அதற்குத் தாள், பேனா, போனில் எம்எல்பி (அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால்) செயலி போதும்.

படி 1: நேரம் பாருங்கள்

கோடையில் நியூயார்க்கில் மாலை 7:05-க்கு ஆட்டம் என்றால் சேலத்தில் மறுநாள் அதிகாலை 4:35. புதியவர்களுக்கு இது கொடுமை. லாஸ் ஏஞ்சலஸில் மாலை 7:10-க்குத் தொடங்கும் டாட்ஜர்ஸ் ஆட்டம் நமக்குக் காலை 7:40. ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே முதல் இன்னிங்ஸைப் பார்த்துவிடலாம்.

படி 2: லைன்அப்பை (பேட்டிங் வரிசையை) நீங்களே எழுதுங்கள்

மேனேஜரின் பட்டியலைப் பார்க்கும் முன் உங்கள் ஒன்பது பேரை எழுதிவிட வேண்டும். செயலியில் ஒவ்வொரு வீரருக்கும் ஓபிபி என்று ஒரு எண் இருக்கும். எத்தனை சதவீதம் அவுட் ஆகாமல் பேஸுக்கு (ஓடிச் சேர வேண்டிய முனைக்கு) போகிறார் என்பதுதான் அது. அதில் சிறந்தவர் முதலாவது. அணியின் மிகச் சிறந்த பேட்டர் இரண்டாவது. பழைய மேனேஜர்கள் இரண்டாம் இடத்தை பந்தைத் தட்டிவிட்டு ஓடும் சாதுவான ஆளுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அது சுத்த வீண். ஒன்பதாவது ஆள் முடிந்ததும் வரிசை மறுபடி முதலாமவரிடம் வரும். எனவே ஓர் இடம் கீழே இறங்கினால், 162 ஆட்ட சீசனில் ஏறத்தாழ 15 முதல் 20 வாய்ப்புகள் போய்விடும்.

நான்காவது இடம் சிக்ஸர் அடிப்பவர் போன்ற பலசாலிக்கு. கடைசி இடங்களில் ஃபீல்டிங்குக்காகவே அணியில் இருப்பவர்களைப் போடுங்கள். பந்து வீசும் பிட்சரைப் பற்றிக் கவலை வேண்டாம். 2022 முதல் எம்எல்பியின் இரண்டு லீகிலும் அவருக்குப் பதில் வேறொருவர் பேட் செய்கிறார். (ஒஹ்தானி பந்துவீச்சு, பேட்டிங் இரண்டையும் செய்வார், அவர் கதை வேறு.)

படி 3: ஸ்டார்ட்டரை எப்போது எடுப்பது?

ஸ்டார்ட்டர் என்றால் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர். அவரை எடுக்க நிறையப் பேர் 100 பந்தை மட்டும் எண்ணுகிறார்கள். நீங்கள் வரிசை எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுங்கள். மூன்றாம் சுற்றில் பேட்டருக்குப் பந்து பழகிவிடும், பிட்சரும் களைத்திருப்பார்.

2020 உலகத் தொடரின் (எம்எல்பி இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டம் இதற்குப் பாடம். டாட்ஜர்ஸுக்கு எதிராக டாம்பா பே 1-0 முன்னிலை. டாம்பா பேயின் ஸ்டார்ட்டர் பிளேக் ஸ்னெல் ஒன்பது பேரை ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமல் அவுட்) செய்திருந்தார், வீசியது 73 பந்துதான். ஆறாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் விழுந்ததும், டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் மூன்றாம் முறை வருவதற்குள் மேனேஜர் கெவின் கேஷ் ஸ்னெல்லை எடுத்துவிட்டார். டாட்ஜர்ஸ் 3-1 என வென்று கோப்பையையும் எடுத்துக்கொண்டது. எல்லோரும் ஸ்னெல்லை எடுத்ததைத் திட்டுகிறார்கள். என் ஆத்திரம் உள்ளே அனுப்பியவர் மேல்: நிக் ஆண்டர்சன் அந்த பிளேஆஃபில் ஆட்டத்துக்கு ஆட்டம் ரன் கொடுத்துக்கொண்டிருந்தவர். கணக்கு சரி, ஆள் சரியில்லை.

படி 4: க்ளோசரை ஒளித்து வைக்காதீர்கள்

க்ளோசர் என்றால் முன்னிலையைக் காக்கக் கடைசியில் வரும் பிட்சர். 2016-இல் பால்டிமோரின் க்ளோசர் ஜாக் பிரிட்டனின் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் விழுந்த ரன்) 0.54. டொராண்டோவில் நடந்த, தோற்றால் வெளியே என்ற வைல்ட் கார்டு ஆட்டம் 2-2 என்று சமமாக இருந்ததால் ஒன்பதைத் தாண்டி 11-ஆவது இன்னிங்ஸ் வரை போனது. முன்னிலை வந்தபின் இறக்கலாம் என்று பால்டிமோர் மேனேஜர் பக் ஷோவால்டர் அவரை உட்கார வைத்தார். அவருக்குப் பதில் உபால்டோ ஹிமெனெஸ் வீச, டொராண்டோவின் என்கார்னசியோன் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடிக்க, சீசன் முடிந்தது. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை. 18-ஆவது ஓவரில் மேட்ச் கைநழுவும்போது, சின்னப்பம்பட்டி நடராஜனை 20-ஆவது ஓவருக்கென்று ஒதுக்கி வைத்தால் நம்மூரில் சும்மா விடுவார்களா?

எனவே ஆறாவது இன்னிங்ஸிலிருந்து, ஆள் மாற்றத் தோன்றும் இடத்தில் தாளில் ஒரு கோடு போட்டு, யாரை இறக்குவீர்கள் என்றும் எழுதுங்கள். அடுத்த பந்து விழுவதற்குள் எழுத வேண்டும், அப்புறம் எழுதினால் செல்லாது. 2020 முதல் புதிதாக வரும் பிட்சர் மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும். பொதுவாக இடக்கை பேட்டருக்கு இடக்கை பிட்சர்தான் தொல்லை. அதனால் அடுத்து வரும் மூவரில் இடக்கையர் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நேற்றும் முந்தாநாளும் வீசியவர் பெயரை எழுதாதீர்கள், பெரும்பாலும் அவருக்கு இன்று ஓய்வு.